சம்பளம் கிடையாது... ஆனாலும் ரயில் கரெக்ட் டயத்துக்குக் கிளம்பும்!

இப்படி ஒரு விளம்பரம் பேப்பரில் வந்தால் என்ன செய்வீர்கள்?

'ஆட்கள் தேவை. வேலை: ரயில் என்ஜின் துடைப்பது, சாம்பல் அள்ளுவது, தண்டவாளத்தில் புல் பிடுங்குவது. நேரம்: விடியற்காலை முதல் என்ஜின் சூடு ஆறும் வரை. சம்பளம்: கிடையாது. பஞ்சப்படி, பயணப்படி, வீட்டு வாடகைப்படி என்று எந்தப் படியும் கிடையாது. வந்து போகிற செலவு உங்களுடையது. வருஷச் சந்தாவும் நீங்கள்தான் எங்களுக்குக் கட்ட வேண்டும். ஒழுங்காகத் துடைத்தால் கொஞ்ச காலம் கழித்துக் கரி அள்ளிப் போட விடுவோம். அதையும் ஒழுங்காகச் செய்தால், இன்னும் சில வருஷம் கழித்து, ஒருவேளை...'

'எவனோ ஏப்ரல் ஒண்ணாந் தேதிக்கு எழுதினது' என்று பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் காபி குடிக்கப் போவீர்கள். நியாயம்தான்.

ஆனால் இந்த வேலைக்கு ஆள் வருகிறார்கள் ஸார்! பாங்க் குமாஸ்தா வருகிறார். பள்ளிக்கூட வாத்தியார் வருகிறார். ரிட்டயர்டு இன்ஜினீயர் வருகிறார். காலேஜ் பையன் வருகிறான். வாரமெல்லாம் ஆபீசில் ஃபைல் தள்ளிவிட்டு, வெள்ளிக்கிழமை சாயந்திரம் காரை எடுத்துக்கொண்டு நூறு மைலுக்கு மேல் ஓட்டிவந்து, சனிக்கிழமை காலை முகமெல்லாம் கரி பூசிக்கொள்கிறார்கள். 1951-ம் வருஷத்திலிருந்து இந்தக் கூத்து நடக்கிறது.

இடம், பிரிட்டனில் வேல்ஸ் பகுதியின் மேற்குக் கடற்கரை. ஊர் பெயர் டவின். ரயிலின் பெயர் டாலிலின் ரயில்வே. (வேல்ஸ்காரர்கள் உச்சரிப்பது வேறு மாதிரி. அதற்கு நாக்கை அண்ணத்தில் ஒட்டி, பக்கவாட்டில் காற்றை ஊத வேண்டும். ஆபீசில் முயற்சி செய்ய வேண்டாம்.) உலகத்திலேயே முதன்முதலாகச் சம்பளம் வாங்காத தொண்டர்கள் கையில் எடுத்து, காப்பாற்றி, ஓட்டிக் காட்டிய ரயில்வே இதுதான்.

'பெரிய மனசுக்காரர்கள்' என்று ஒரு வரியில் பாராட்டிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் பெரிய மனசு மட்டும் இருந்தால் ரயில் ஓடுமா? ஓடாது. என்ன இருந்தால் ஓடும் என்பதுதான் விஷயமே.

ஒரு பக்கம்தான் கதவு!

முதலில் ரயிலைப் பார்த்துவிடுவோம். சின்ன ரயில். நம்ம ஊட்டி ரயில் மீட்டர் கேஜ். இது அதைவிட ஒல்லி. இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே 2 அடி 3 அங்குலம், அவ்வளவுதான். மொத்தப் பாதையே ஏழேகால் மைல்.

மலைக்கு மேலே ப்ரின் எக்லுவிஸ் என்ற இடத்தில் சிலேட்டுக்கல் வெட்டினார்கள். நாம் சின்ன வயசில் பலப்பத்தால் எழுதி எச்சில் தொட்டு அழித்தோமே, அந்த ஜாதிக் கல்தான். அங்கே அதைத் தகடு தகடாகப் பிளந்து வீட்டுக் கூரைக்குப் போடுவார்கள். அந்தக் கல்லைக் கீழே கொண்டுவர 1865-ல் போட்ட பாதை இது. கல்லோடு சேர்த்து மனுஷர்களையும் ஏற்றலாமே என்று முதலாளிகளுக்குத் தோன்றியது.

மனுஷர்களை ஏற்றுவதென்றால் சர்க்கார் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து 'சரி' என்று சொல்ல வேண்டும். 1866-ல் கேப்டன் டைலர் என்பவர் வந்தார். பாதைக்கு மேலே குறுக்காகப் போகும் பாலங்களை அளந்தார். திடுக்கிட்டார். ரயில் பெட்டிக்கும் பாலத்துச் சுவருக்கும் நடுவே இரண்டரை அடி இடம் இருக்க வேண்டும். இருந்ததோ இரண்டு அடிக்கும் குறைவு. பாலத்துக்கு அடியில் வண்டி நின்றுபோனால் கதவைத் திறந்து இறங்க முடியாது!

பாலங்களை இடித்துக் கட்டப் பணம் ஏது? ஒரு யோசனை செய்தார்கள் பாருங்கள். பெட்டிகளின் ஒரு பக்கத்துக் கதவுகளை நிரந்தரமாக அடைத்துவிட்டார்கள். பாலத்துக்கு அடியில் மட்டும் தண்டவாளத்தை அந்தப் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்தினார்கள். இப்போது கதவு இருக்கிற பக்கத்தில் வேண்டிய இடம் கிடைத்துவிட்டது. இன்ஸ்பெக்டரும் சம்மதித்தார். இன்றைக்கும் டாலிலின் பெட்டிகளில் ஒரு பக்கம்தான் கதவு. இறங்கும்போது இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்ற குழப்பம் யாருக்கும் வராது.

என்ஜின்கள் இரண்டு. 1864-ல் செய்த முதல் நம்பர் என்ஜினுக்கு 'டாலிலின்' என்று பெயர். 1866-ல் செய்த இரண்டாம் நம்பருக்கு 'டோல்கோக்'. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டே அடுத்த எண்பத்துச் சொச்சம் வருஷம் காலத்தை ஓட்டினார்கள். புதிசாக மூன்றாவது என்ஜின் வாங்க யாருக்கும் மனசும் வரவில்லை, பணமும் வரவில்லை.

'நான் இருக்கும் வரை ஓடும்'

1911-ல் சுரங்கத்தையும் ரயிலையும் சேர்த்து ஒருத்தர் வாங்கினார். சர் ஹேடன் ஜோன்ஸ். அந்தத் தொகுதிக்கு 1910 முதல் 1945 வரை பார்லிமெண்ட் மெம்பர். லாபம் வருகிற வியாபாரமாக அது அப்போதே இல்லை. ஆனாலும் சுரங்கத்தை மூடினால் ஊரில் பல வீட்டில் அடுப்பு எரியாது என்று நடத்திக்கொண்டிருந்தார்.

1946 டிசம்பரில் சுரங்கத்தில் பெரிய சரிவு. இனி ஆள் இறங்கினால் ஆபத்து என்று மூடிவிட்டார்கள். கல் இல்லை. கல்லுக்காகப் போட்ட ரயிலுக்கு வேலையும் இல்லை. வேறு யாராவது என்றால் தண்டவாளத்தைப் பேரீச்சம்பழத்துக்குப் போட்டிருப்பார்கள். சர் ஹேடனோ, 'நான் உயிரோடு இருக்கும் வரை ரயில் ஓடும்' என்று சொல்லிவிட்டார். சொன்னபடி கோடைக்காலத்தில் வாரத்துக்குச் சில நாள் ஓட்டினார்.

1948 ஜனவரி முதல் தேதி பிரிட்டிஷ் ரயில்வேக்கள் தேசியமயம் ஆயின. சர்க்கார் எடுத்துக்கொண்ட கம்பெனிகளின் பட்டியலில் டாலிலின் இல்லை. சர்க்காரும் வேண்டாமென்று விட்ட குழந்தை!

1950 ஜூலையில் சர் ஹேடன் காலமானார். அவர் கொடுத்த வாக்கு அதோடு முடிந்தது. அந்தக் கோடை சீசனை எப்படியோ முடித்தார்கள். அடுத்த வருஷம்?

ஹோட்டலில் ஒரு மீட்டிங்

இங்கேதான் டாம் ரோல்ட் வருகிறார். மெக்கானிக்கல் இன்ஜினீயர், எழுத்தாளர். வீடு வாசல் என்று இல்லாமல் 'க்ரெஸ்ஸி' என்ற படகிலேயே வருஷக்கணக்கில் குடியிருந்த ஆசாமி. மண் மூடிப்போய்க்கொண்டிருந்த பழைய கால்வாய்களைக் காப்பாற்ற 1946-ல் சங்கம் ஆரம்பித்தவர்களில் ஒருவர். 'அழியப்போகிறது' என்று கேள்விப்பட்டால் சும்மா இருக்கத் தெரியாத ஜாதி.

1950 அக்டோபர் 11-ம் தேதி. பர்மிங்ஹாம் நகரத்தில் இம்பீரியல் ஹோட்டல். ரோல்ட்டும் நண்பர்களும் ஒரு கூட்டம் போட்டார்கள். சுமார் 70 பேர் வந்தார்கள். விஷயம் இதுதான்: இந்த ரயிலை நாமே ஓட்டினால் என்ன?

நினைத்துப் பாருங்கள். இன்றைக்கு 'ஹெரிடேஜ் ரயில்வே' என்றால் எல்லோருக்கும் புரிகிறது. அன்றைக்கு அப்படி ஒரு சமாசாரமே உலகத்தில் கிடையாது. ரயிலை ஓட்டுவது சர்க்கார் வேலை. இல்லாவிட்டால் கம்பெனி வேலை. வாரக் கடைசியில் பொழுதுபோக்காக வருகிறவர்கள் ஜனங்களை ஏற்றிக்கொண்டு நீராவி என்ஜின் ஓட்டுவதா? 'தபால் தலை சேகரிக்கிற மாதிரி நினைச்சீங்களா?' என்று ரயில்வே அனுபவஸ்தர்கள் கேட்டால் அதில் தப்பு ஒன்றும் இல்லை.

ஆனால் கூட்டத்துக்கு வந்தவர்கள் கலையும்போது கையைத் தட்டிவிட்டுப் போகவில்லை. கமிட்டி போட்டார்கள். சர் ஹேடனின் மனைவியிடம் போய்ப் பேசினார்கள். அந்த அம்மாளும் பெரிய மனசு பண்ணினார். அவர் வசம் இருந்த பங்குகளை வைத்துக்கொள்ள ஒரு கம்பெனி அமைத்தார்கள். 1951 பிப்ரவரியில் ரயில் தொண்டர்கள் கைக்கு வந்தது. ரோல்ட்தான் ஜெனரல் மேனேஜர்.

கோடை சீசனுக்கு மூன்று மாதம்தான் பாக்கி.

புல்தான் பிடித்துக்கொண்டிருந்தது

கையில் வந்த சொத்து என்ன என்று கணக்கெடுத்தார்கள். முதல் நம்பர் என்ஜின் ஓட முடியாமல் முடங்கிக் கிடந்தது. இரண்டாம் நம்பர் டோல்கோக் மட்டும் ஓடும் நிலையில். அதற்கு வயசு 85. நம் வீட்டில் 85 வயசுத் தாத்தா இருந்தால் 'மாடிப்படி ஏறாதீங்க' என்போம். இங்கே தாத்தாதான் மலை ஏற வேண்டும், பின்னால் பெட்டிகளையும் இழுத்துக்கொண்டு.

என்ஜினாவது பரவாயில்லை. தண்டவாளத்தைப் பார்த்துத்தான் வயிறு கலங்கியது. ஸ்லீப்பர் கட்டைகள் மக்கிப்போய், ஆணி பிடிக்க இடமில்லாமல் இருந்தன. தேய்ந்த தண்டவாளத்தை மூடிப் புல் வளர்ந்திருந்தது. 'பிடுங்கி எறியுங்கள்' என்று சொல்லவும் பயம். இரண்டு தண்டவாளமும் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் போகாமல் பல இடங்களில் பிடித்துக்கொண்டிருந்ததே அந்தப் புல்லும் மண்ணும்தான்!

நீராவி என்ஜின் ஓட்டும் ஆசையோடு சங்கத்தில் சேர்ந்தவர்களுக்கு முதலில் கையில் கிடைத்தது கடப்பாரை. மழையில் நனைந்துகொண்டு மக்கிய கட்டையைத் தோண்டி எடுத்துப் புதுக் கட்டை வைக்க வேண்டும். நூறு அடி முடித்து நிமிர்ந்து பார்த்தால் இன்னும் மைல் கணக்கில் பாக்கி.

1951 மே 14-ம் தேதி, திங்கட்கிழமை. அங்கே அன்று பண்டிகை விடுமுறை. டவினிலிருந்து ரிட்ரோனென் என்ற ஸ்டேஷன் வரை முதல் ரயில் கிளம்பியது. முழுப் பாதைக்கும் தைரியம் வரவில்லை. முதல் சில கிலோமீட்டர் மட்டும். அடுத்த மாதமே அபெர்கினோல்வின் வரைக்கும் ஓட்டிவிட்டார்கள். அந்த சீசன் பாரத்தில் பெரும் பகுதியைத் தாத்தா டோல்கோக் ஒண்டியாகவே சுமந்தார்.

மூன்றும் நாலும்

தாத்தாவுக்கு ஒரு நாள் உடம்புக்கு முடியவில்லை என்றால் ரயில்வேயே மூடல். இன்னொரு என்ஜின் கட்டாயம் வேண்டும். ஆனால் 2 அடி 3 அங்குலப் பாதைக்கு என்ஜின் எந்தக் கடையில் கிடைக்கும்? பிரிட்டனிலேயே அந்த அளவில் இருந்த ரயில்வேக்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அதில் ஒன்று பக்கத்திலேயே இருந்தது. காரிஸ் ரயில்வே. 1948-ல் மூடிவிட்டார்கள். அதனுடைய இரண்டு என்ஜின்கள் மஹன்லெத் ஸ்டேஷன் யார்டில் சும்மா நின்றுகொண்டிருந்தன. தொண்டர்கள் போய் சல்லிசான விலையில் வாங்கிவந்தார்கள். அங்கே அவற்றின் நம்பர் என்ன தெரியுமா? 3, 4. டாலிலினில் இருப்பதோ 1, 2. பெயிண்ட் டப்பாவைத் திறக்கிற செலவுகூட மிச்சம்!

மூன்றாம் நம்பருக்கு 'சர் ஹேடன்' என்று பெயர் வைத்தார்கள். நாலாம் நம்பருக்கு 'எட்வர்டு தாமஸ்'. அவர் ரயில்வேயின் பழைய மேனேஜர். ஓட்டிக் காட்டிய முதலாளிக்கு ஒரு என்ஜின், உழைத்த மேனேஜருக்கு ஒரு என்ஜின். எத்தனை கம்பெனியில் இப்படி நடக்கிறது, சொல்லுங்கள்?

ஆனால் சர் ஹேடன் என்ஜினுக்குச் சக்கரத்தின் பட்டை கொஞ்சம் ஒல்லி. டாலிலின் தண்டவாளமோ அளவுக்கு மேல் அகன்று இருந்தது. விளைவு, என்ஜின் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே 'தொப்'பென்று இறங்கி உட்கார்ந்துகொள்ளும். பாதை சரியாகும் வரை அதை ஓரம் கட்டி வைத்தார்கள்.

நாலாம் நம்பர் வேறு கதை. அது 1921-ல் கெர் ஸ்டூவர்ட் கம்பெனியில் செய்தது. ரோல்ட் இளம் வயதில் அப்ரண்டிஸாக வேலை கற்றுக்கொண்டதும் அதே கம்பெனியில்தான். அந்தக் கம்பெனி எப்போதோ மூடிப்போய், அதன் வியாபாரம் ஹன்ஸ்லெட் என்ற என்ஜின் கம்பெனிக்குப் போயிருந்தது. ஹன்ஸ்லெட் சேர்மன் டாலிலின் சங்கத்தில் ஒரு மெம்பர். என்ஜினைத் தன் ஒர்க்ஷாப்புக்கு வரவழைத்து, காசு வாங்காமல் பழுது பார்த்து அனுப்பிவைத்தார்.

மூத்த இரண்டு பேரையும் கைவிட்டுவிடவில்லை. முதல் நம்பர் 1958-ல் புனர்ஜென்மம் எடுத்து வந்தது. அதன் பிறகு டோல்கோக் தாத்தா நீண்ட ஓய்வு முடிந்து 1963-ல் திரும்பினார்.

பாய்லருக்குத் தெரியாது

இப்போது நம் கேள்விக்கு வருவோம். சம்பளம் இல்லாத ஆளை எப்படி வேலை வாங்குவது?

நம் ஆபீஸ் நிலவரம் நமக்குத் தெரியும். பத்து மணி ஆபீசுக்குப் பத்தரைக்கு வந்து, நாற்காலியில் கைக்குட்டையைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகிறவரை மேனேஜர் என்ன செய்ய முடியும்? மெமோ கொடுக்கலாம். இன்கிரிமெண்டை நிறுத்தலாம். டிரான்ஸ்ஃபர் போடலாம். தொண்டரை என்ன செய்வீர்கள்? அவருக்கு நிறுத்த இன்கிரிமெண்ட் இல்லை. பறிக்க போனஸ் இல்லை. 'போய்யா!' என்று அவர் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுப் போனால், நாளைக்குக் காலை ரயில் இல்லை.

அதனால் தொண்டர்களிடம் தயவுதாட்சண்யமாக நடந்துகொள்வார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? ஊஹூம். கண்டிப்புக்குக் குறைவே இல்லை.

காரணம் நீராவி. காலையில் என்ஜினுக்கு உயிர் கொடுப்பதைப் பாருங்கள். பென்ட்ரே என்ற இடத்தில்தான் என்ஜின் ஷெட். முதல் ரயிலுக்குப் பல மணி நேரம் முன்னாலேயே ஒருத்தர் வந்து நேற்றைய சாம்பலை வாரி எடுக்கிறார். விறகும் எண்ணெய்த் துணியும் வைத்துப் பற்ற வைக்கிறார். தீ பிடித்த பின் கரி. அவசரப்பட்டுத் தீயை ஏற்றக்கூடாது. பாய்லர் உலோகம் ஒரே சீராகச் சூடாக வேண்டும். ஒரு பக்கம் சீக்கிரம் விரிந்து இன்னொரு பக்கம் தாமதித்தால் இணைப்புகள் கெடும். அந்த நேரத்தில் எண்ணெய் ஊற்ற வேண்டிய ஒவ்வொரு மூட்டையும் தேடித்தேடி ஊற்றுகிறார் இன்னொருவர்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கண்ணாடிக் குழாய். பாய்லருக்குள் தண்ணீர் எவ்வளவு என்று காட்டுவது அதுதான். நெருப்பு எரிகிற பெட்டியின் மேல் தகட்டுக்கு மேலே எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும். தண்ணீர் இறங்கினால் தகடு காய்ந்து சிவந்து பலம் இழக்கும். அழுத்தத்தில் பிய்த்துக்கொண்டால் என்ஜினும் மிஞ்சாது, ஓட்டுகிறவரும் மிஞ்சமாட்டார். அதற்குக் காவலாக ஒரு ஈய அடைப்பானை அந்தத் தகட்டிலேயே பொருத்தியிருப்பார்கள். தண்ணீர் குறைந்தால் ஈயம் உருகி, நீராவி நெருப்பின் மேலேயே பீய்ச்சி எச்சரிக்கும். அந்த நிலைக்கு விட்டவருக்கு அப்புறம் எந்த மரியாதையும் மிச்சமிருக்காது!

பாய்லருக்கு நீங்கள் சம்பள ஆளா, தொண்டரா என்று தெரியாது. 'பாவம், லீவு போட்டு வந்திருக்கிறான்' என்று அது இரக்கப்படாது. சட்டத்துக்கும் அதே நியாயம். பயணிகளை ஏற்றுகிற ரயில்வே என்றால் பாதுகாப்பு விதிகள் எல்லாருக்கும் ஒன்றுதான். இலவசமாக ஓட்டுகிறோம் என்பதால் இன்ஸ்பெக்டர் ஒரு விதியைக்கூடத் தளர்த்தமாட்டார்.

ஆகவே படிக்க வேண்டும், பரீட்சை எழுத வேண்டும், டாக்டரிடம் தேக பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். முதலில் துடைப்பவர், அப்புறம் ஃபயர்மேன், அப்புறம் டிரைவர். ஒவ்வொரு படிக்கும் வருஷங்கள். வாரக் கடைசியில் மட்டும் வருகிறவருக்கு இன்னும் அதிகம். சாதாரண வாழ்க்கையில் பெரிய கம்பெனிக்கே டைரக்டராக இருக்கலாம். ஷெட்டுக்குள் வந்துவிட்டால் இருபத்திரண்டு வயசு ஃபயர்மேன், 'இந்த மூலையை இன்னொரு தடவை துடைச்சுடுங்க' என்று சொன்னால் துடைத்துத்தான் ஆக வேண்டும்.

ஒற்றைப் பாதை என்பதால் டோக்கன் முறை. குறிப்பிட்ட பகுதிக்குரிய டோக்கன் டிரைவர் கைக்கு வந்தால்தான் வண்டி அந்தப் பகுதிக்குள் நுழையலாம். நம் ஊர் சின்ன ஸ்டேஷன்களில் ஸ்டேஷன் மாஸ்டர் நீட்டிய வளையத்தை டிரைவர் ஓடுகிற வண்டியிலிருந்தே லாகவமாக வாங்கிப் போன காட்சி பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். தத்துவம் அதேதான். 'எதிரே வண்டி வராதுன்னு நினைச்சேன்' என்பதற்கு இங்கே இடமே இல்லை.

இதில் ஒரு ரகசியம் இருக்கிறது. கண்டிப்பைப் பார்த்துத் தொண்டர்கள் ஓடிவிடவில்லை. கண்டிப்பு இருப்பதால்தான் தங்குகிறார்கள். 'யார் வேண்டுமானாலும் ஓட்டலாம்' என்றால் ஒரு தடவை ஓட்டிவிட்டுப் போய்விடுவார்கள். 'சுலபமாகக் கொடுக்கமாட்டோம்' என்பதால்தான் பத்து வருஷம் காத்திருந்து வாங்கிக்கொள்கிறார்கள்.

விட்டுவிட்டு வந்துட்டாரே கார்டு!

கண்டிப்பு இருந்தாலும் மனுஷர்கள்தானே. 1952-ல் ஒரு பாதிரியார் தொண்டராக வந்து சேர்ந்தார். பெயர் ஆட்ரி. 'தாமஸ்' என்ற நீல நிற டாங்க் என்ஜின் உங்கள் வீட்டுக் குட்டிக்குத் தெரிந்திருக்குமே? டி.வி.யில் முகத்தைச் சுளித்துக்கொண்டு வருமே, அதைப் படைத்தவர் அவர்தான்.

அவருக்குக் கார்டு வேலை கொடுத்தார்கள். ஒரு நாள் கொடி காட்டி, விசில் ஊதி, வண்டியைக் கிளப்பிவிட்டார். ஸ்டேஷனில் பயணிகளுக்குச் சிற்றுண்டி விற்கும் அம்மாளை ஏற்றிக்கொள்ள மறந்தே போனார்! அதற்கு மெமோ வந்ததோ இல்லையோ, கதை வந்தது. டாலிலின் என்ஜின்களை வைத்தே 1955-ல் அவர் எழுதிய குழந்தைகள் புத்தகத்தில் அந்த அம்மாளும் ஒரு பாத்திரம். டாலிலினும் டோல்கோக்கும் வேறு பெயர்களில் உலகம் சுற்ற ஆரம்பித்தன.

சினிமாக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. மூடப்போகிற ரயிலை ஊர் ஜனங்களே எடுத்து ஓட்டுவதாக 1953-ல் ஈலிங் ஸ்டூடியோ ஒரு காமெடிப் படம் எடுத்தது. அதற்குத் தூண்டுகோல் டாலிலின் தொண்டர்கள்தான். ரோல்ட்டும் அதே வருஷம் தன் அனுபவங்களைப் புத்தகமாக எழுதிவிட்டார்.

படமும் புத்தகமும் செய்த வேலை பெரிசு. 'அவங்களால முடியும்னா நம்மால முடியாதா?' என்று மற்ற ஊர்க்காரர்களும் கிளம்பினார்கள். வேல்ஸிலேயே ஃபெஸ்டினியோக் ரயில் 1955-ல் உயிர்பெற்றது. ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் பக்கம் 'பஃபிங் பில்லி' ரயிலைக் காக்க 1955-லேயே சங்கம் வைத்தார்கள். இங்கிலாந்தில் 1960-ல் ப்ளூபெல் ரயில்வே, சாதாரண பெரிய அளவுப் பாதையிலேயே தொண்டர்களால் ரயில் ஓட்ட முடியும் என்று காட்டியது. இன்று பிரிட்டனில் மட்டும் இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட ரயில்வேக்கள் இருக்கின்றன.

டவின் ஊர்க்காரர்களுக்கு ரயிலை வைத்து வேறொரு விளையாட்டும் உண்டு. 1984-ல் ஆரம்பித்த 'ரயிலோடு ஓட்டப் பந்தயம்'. ரயில் ஒரு பக்கம் கிளம்பும். ஓட்டக்காரர்கள் வயலிலும் சேற்றிலும் விழுந்தெழுந்து கூடவே ஓடுவார்கள். சுமார் 14 மைல். ரயிலை ஜெயித்துவிட்டு வந்து நிற்பவர்களும் உண்டு. நம் ஊரில் பஸ்ஸைத் துரத்தி ஜன்னல் வழியாகக் கர்ச்சீப் போடுகிறவர்களை அனுப்பினால் கப்பு நமக்குத்தான்!

எல்லோரும் டிரைவரா?

சிரிப்பை நிறுத்திவிட்டு ஒரு விஷயம். தொண்டர் ரயில்வே நடத்துவதில் இருக்கிற பெரிய சிக்கல் பணம் அல்ல. ஆசை.

எல்லோருக்கும் என்ஜின் ஓட்ட ஆசை. ஒரு ரயிலுக்கு ஒரு டிரைவர்தான் வேண்டும். ஆனால் டிக்கெட் கொடுக்க ஆள் வேண்டும். கக்கூஸ் கழுவ ஆள் வேண்டும். டீக்கடையில் பாத்திரம் துலக்க ஆள் வேண்டும். மழைத் தண்ணீர் தண்டவாளத்துக்கு அடியில் தேங்காமல் வடிகால் வெட்ட வேண்டும். வேல்ஸில் மழைக்குக் கேட்க வேண்டுமா! தண்ணீர் நின்றால் ஜல்லி இளகும். ஜல்லி இளகினால் கட்டை ஆடும். கட்டை ஆடினால் பாதை சரியும். வடிகால் வெட்டுகிறவரை யாரும் போட்டோ எடுப்பதில்லை. பயணிகள் கை ஆட்டுவதெல்லாம் டிரைவரைப் பார்த்துத்தான்.

பாதையை மாற்றிப் போடும் பெரிய வேலையெல்லாம் குளிர்காலத்தில்தான். கோடையில் ரயில் ஓடிக்கொண்டிருக்குமே! டூரிஸ்ட் ஒருத்தர்கூட இல்லாத ஜனவரி மாதத்தில், விரல் விறைக்கிற குளிரில் கட்டை தூக்குகிறவர்கள் இருக்கிறார்களே, ரயில்வேயின் முதுகெலும்பு அவர்கள்தான். சம்பளத்துக்கு வேலை செய்யும் ஒரு சிறு குழுவும் உண்டு. ஒர்க்ஷாப், கணக்கு, அன்றாட நிர்வாகம் இவற்றை வருஷம் முழுக்க ஒருத்தர் பார்த்துத்தானே ஆக வேண்டும்? 'வாரக் கடைசியில் வந்து உத்தரவு போடுகிறார்கள்' என்று இவர்களும், 'சம்பளம் வாங்குகிறவர்களுக்குக் கசக்கிறதா' என்று அவர்களும் முணுமுணுக்காமல் பார்த்துக்கொள்வது ஒரு தனிக் கலை.

அடுத்த தலைமுறை

இதெல்லாம் பழைய கதை, சுபம் என்று முடிக்க முடியவில்லை. 1976-ல் பாதையை நான்ட் க்வெர்னோல் வரை நீட்டிவிட்டார்கள். 1991-ல் ஏழாம் நம்பர் என்ஜின் வந்தது. அதற்கு 'டாம் ரோல்ட்' என்று பெயர். ரோல்ட் 1974-லேயே காலமாகிவிட்டார். 2021-ல் வடமேற்கு வேல்ஸின் சிலேட்டு நிலப்பகுதியை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது, சுரங்கம், அபெர்கினோல்வின் கிராமம், டாலிலின் ரயில்வே மூன்றும் அதில் இடம்பெற்றன. 1948-ல் சர்க்கார் பட்டியலில் இல்லாத ரயில், உலகப் பட்டியலிலேயே ஏறிவிட்டது!

ஆனால் பட்டயத்தை அடுப்பில் போட்டு நீராவி எடுக்க முடியாதே? 2020-ல் கொரோனா வந்தபோது ரயில் நின்றது, டிக்கெட் வருமானமும் நின்றது. 2023 கடைசியில் வேல்ஸின் பெரிய திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கமான ஃபோஸ்-எ-ஃப்ரானை மூடினார்கள். ஒரு காலத்தில் உலகத்துக்கே கரி அனுப்பிய வேல்ஸில், நீராவி ரயிலுக்குக் கப்பலில் வரும் கரியை நம்ப வேண்டிய நிலைமை. விலையும் ஏறிவிட்டது.

கரி தீர்ந்தால் எங்கிருந்தாவது வாங்கலாம். கை தீர்ந்தால்? 1951-ல் கடப்பாரை பிடித்தவர்களுக்கு நீராவி என்ஜின் என்பது தினமும் பார்க்கிற சாதாரண விஷயம். பிரிட்டிஷ் ரயில்வே தன் பெரிய பாதைகளில் நீராவியை நிறுத்தியது 1968-ல். இன்று இருபது வயசில் சேருகிற பையனின் அப்பாகூட நீராவி ரயிலில் ஆபீஸ் போனதில்லை. பழைய நினைவுக்காக யாரும் வருவார்கள் என்று இனி நம்ப முடியாது. பாய்லர் தகட்டை எப்படித் தட்டிப் பார்ப்பது, எந்தச் சத்தம் வந்தால் சந்தேகப்பட வேண்டும் என்பதைப் புத்தகத்தில் எழுதி வைத்தால் போதாது. தெரிந்த கை, தெரியாத கையைப் பிடித்துத் தட்டிக் காட்ட வேண்டும். காட்டுகிறவர் இருக்கும்போதே கற்றுக்கொள்கிறவர் வந்தாக வேண்டும். டாலிலினில் உண்மையான பந்தயம் ரயிலோடு அல்ல, காலத்தோடு.

சர் ஹேடன் சொன்ன வாக்கு, 'நான் இருக்கும் வரை ஓடும்.' நல்ல மனுஷர், சொன்னதைக் காப்பாற்றினார். ஆனால் ஒரு மனுஷர் கொடுக்கிற வாக்குக்கு அவர் ஆயுசுதான் ஆயுசு. தொண்டர்கள் செய்த பெரிய காரியம், அந்த வாக்கிலிருந்த 'நான்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'யாராவது' என்று மாற்றியதுதான். அந்த யாராவது, எழுபது வருஷத்துக்கு மேலாக, மாதம் பிறந்தால் கவர் வராது என்று தெரிந்தும் விடியற்காலையில் எழுந்து வந்து சாம்பல் அள்ளிக்கொண்டிருக்கிறார்.

முதல் தேதி கவர் வாங்குகிற நாம், காலையில் சீட்டில் உட்காரும்போது அவரை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளலாம். டீக்குப் போவதை அப்புறம் பார்த்துக்கொள்வோம்.